புத்தளக் கரையோரத்து வேட்டைநாய்கள்: சாதிப்பெயர் இல்லாத ஒரு வம்சத்தின் வரலாறு

கனடாவின் ரொறொன்ரோ நகரில் வாழும் வாசகர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதனோடு பழைய புகைப்படம் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. சாரம் உடுத்து, தோளில் ஒற்றைக்குழல் துவக்கோடு நிற்கும் நடுத்தர வயது மனிதர் ஒருவர். அவர் காலடியில் ஒரு நாய். படத்தின் பின்புறத்தில் ‘கற்பிட்டி, 1958’ என்று மையால் எழுதப்பட்டிருந்ததாம். நிற்பவர் அந்த வாசகரின் பாட்டனார்.

அவருடைய கேள்வி எளிமையானது. “ஐயா, நீங்கள் புத்தளப் பகுதியைச் சேர்ந்தவர் என்பதால் கேட்கிறேன். பாட்டனாரின் நாய் என்ன இனம்? ராஜபாளையமா, சிப்பிப்பாறையா? என் மகன் அதே இனத்து நாயொன்றை வளர்க்க வேண்டும் என்கிறான். இந்தியாவிலிருந்து எடுப்பிக்க ஒழுங்கு செய்யலாம் என்று ஒருவர் சொல்கிறார். விலையும் பேசியாகிவிட்டது.”

ஒரே நாளில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் எழுதிப் பிழைத்தவனுக்கு ஒரு நாயைப் பற்றி எழுத எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் தேடத் தொடங்கியபின் அது மகாவம்சத்துக்கும் பிளினிக்கும் என்னை இழுத்துச் சென்றது. அந்தத் தேடலின் பலனையே இங்கு எழுதுகிறேன்.

படத்திலிருந்த நாய் பெரியதன்று. மனிதரின் முழங்காலுக்குச் சற்று மேலான உயரம், குட்டை மயிர், ஒடுங்கிய வயிறு, பாதி நிமிர்ந்து நுனி மடிந்த காதுகள். கறுப்பு வெள்ளைப் படமாயினும் உடலில் ஓடிய வரிகள் தெளிவாகத் தெரிந்தன. எங்கள் ஊரில் இதனைப் ‘புலிவரி’ என்போம். என் பாட்டனாரிடமும் அத்தகைய நாய்கள் இருந்தன. அவற்றை நாங்கள் வேட்டைநாய் என்று மட்டுமே அழைத்தோம். அதற்கு மேல் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

புத்தள மாவட்டத்தின் கரையோரத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம். தெற்கே சிலாபம், முனீச்சரம், உடப்பு என்று தொடங்கி, நடுவே புத்தளம் களப்பும் உப்பளங்களும், மேற்கே நாக்குப்போல் நீண்ட கற்பிட்டித் தீபகற்பமும், வடக்கே கலா ஓயாவைத் தாண்டியதும் வில்பத்துக் காடும் எனக் கிடக்கும் நிலம் இது. இங்கு கடலுக்கும் காட்டுக்கும் தொலைவில்லை. கடலில் வலை போடுகிறவனே, காற்று மாறிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் காட்டுக்குள் போவான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், கத்தோலிக்க மீனவர் எல்லோருமே இப்படித்தான் வாழ்ந்தார்கள்.

வியப்பு என்னவெனில், இலங்கையின் எழுதப்பட்ட வரலாறு ஒரு நாயோடுதான் தொடங்குகிறது. அதுவும் இந்தக் கரையோரத்து நாய். கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டளவில் பாளி மொழியில் இயற்றப்பட்ட மகாவம்சத்தின் ஏழாம் அத்தியாயத்தில் விசயனும் அவன் தோழர்களும் தம்பபண்ணியில் கரையிறங்குகிறார்கள். அப்பொழுது குவேனியின் ஏவலாளான யட்சினி ஒருத்தி பெண்நாய் வடிவெடுத்து அவர்கள் முன் தோன்றுகிறாள். விசயன் தடுத்தும் கேளாமல் ஒருவன் அந்த நாயின் பின்னே போகிறான். அவன் காட்டும் நியாயம் கவனிக்கத்தக்கது: ஊர் இருக்கும் இடத்தில்தானே நாய் இருக்கும்! நாயைத் தொடர்ந்து போனவன் நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனியைக் காண்கிறான். கதை அங்கிருந்து விரிகிறது.

தம்பபண்ணி எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமைப்பாடு இல்லை. எனினும் வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலையை அண்டிய பகுதியே அது என்பது நெடுங்கால மரபு. தமிழர்கள் அதே குதிரைமலையை அல்லியரசாணியின் கோட்டை என்பர். விசயன் கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதை எழுதியவரின் மனத்தில் ஒன்று ஐயமின்றி இருந்திருக்கிறது. விசயன் வந்தபோது இங்கே மனிதர் இருந்தனர். மனிதர் இருந்ததால் நாயும் இருந்தது. நாய் எவருடைய கப்பலிலும் வந்து இறங்கவில்லை. கரையில் நின்று வந்தவர்களை எதிர்கொண்டது.

அகழ்வாய்வு இக்கருத்துக்கு ஓரளவு துணை நிற்கிறது. நில்கல குகையிலும் பெல்லன்பண்டிப் பலஸ்ஸவிலும் இடைக்கற்கால மனிதரின் எச்சங்கள் கிடைத்த இடங்களில் நாய் எலும்புகளும் கிடைத்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அவை வேட்டை மிருகங்களை விரட்டப் பழக்கப்பட்ட நாய்களாக இருக்கலாம் என்பது அவர்களது ஊகம். இவை உள்நாட்டு இடங்கள். புத்தளத்தைச் சேர்ந்தவை அல்ல. எங்கள் கரையில் உள்ள முக்கியமான தொல்லியல் இடம் பொன்பரப்பி. வில்பத்தின் ஓரத்தில் உள்ள அவ்விடத்தில் 1950களிலும் 1970இலும் தோண்டியபோது ஈமத்தாழிகள் வெளிப்பட்டன. அவை தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு ஒப்பிடப்பட்டன. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் ஒரே விதமாக இறந்தோரைப் புதைத்த மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்றால், அவர்களுக்கிடையே போக்குவரத்து இருந்தது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் நாய்களும் தோணியேறி வந்திருக்குமா? ரொறொன்ரோ வாசகரின் கேள்வி இந்த இடத்தில்தான் உயிர் பெறுகிறது. ஆதிச்சநல்லூருக்கு அப்பால்தான் சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இருக்கின்றன.

தமிழ்நாட்டு வேட்டைநாய்களைப் பற்றி இன்று நிறையவே எழுதப்படுகிறது. ராஜபாளையம் நாய் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு, உயர்ந்த கால்கள் கொண்டது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்றது. சிப்பிப்பாறை, விருதுநகர் மாவட்டத்து ஊரொன்றின் பெயரையே தாங்கியது. முயலைத் துரத்திப் பிடிக்கும் ஓட்டக்காரன். அதன் நெருங்கிய உறவு கன்னி. பெரும்பாலும் கறுப்பு உடலும் செம்பழுப்புக் கால்களும் உடையது. மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தின் கோம்பை, உருண்டு திரண்ட உடலும் கரிய மூஞ்சியும் கொண்டது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றுள் ராஜபாளையமும் ஒன்று. 2020ஆம் ஆண்டளவில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், கருநாடகத்தின் முதோல் நாயோடு சேர்த்து, இந்திய அரசின் கால்நடை மரபுவளப் பணியகத்தால் இனங்களாகப் பதிவு செய்யப்பட்டன. அவற்றுக்கு இப்போது சான்றிதழ் உண்டு, விலையும் உண்டு.

வேட்டைநாயைப் பற்றிய தமிழரின் நினைவு இவற்றைவிட மிகப் பழையது. ஞமலி, ஞாளி, சுணங்கன், முடுவல் என நாய்க்கு எத்தனை பெயர்கள்! பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நாய்களை விட்டுப் புதர்களைக் கலைத்து, வலை கட்டி முயல் பிடிக்கும் காட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், நடப்பட்ட நடுகல் ஒன்று உள்ளது. கால்நடைகளைக் கவர வந்தவர்களோடு பொருது இறந்த வீரனுக்கான கல் அது. அதில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது. என்ன இனம் என்று கூறவில்லை. பெயரும் செயலும் போதும் என்று கல்வெட்டுத் தச்சன் கருதினான் போலும்.

கடல் கடந்தும் நம் பக்கத்து நாய்கள் போயிருக்கின்றன. பாரசீகப் பேரரசின் பாபிலோனிய ஆளுநர் ஒருவர் தம்முடைய இந்திய நாய்களுக்குத் தீனி அளிப்பதற்காக நான்கு பெரிய கிராமங்களுக்கு வேறு வரிகளை நீக்கியிருந்தார் என்று எரோடோட்டசு எழுதுகிறார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் ஃபயூம் பகுதியில் பண்ணை நிர்வாகியாக இருந்த செனோன் என்ற கிரேக்கரின் நாய், காட்டுப்பன்றியோடு பொருது எசமானைக் காத்து உயிர் துறந்தது. தௌரோன் என்ற அந்த இந்திய நாய்க்கு எழுதப்பட்ட இரு இரங்கற்பாக்கள் பாப்பிரசுத் தாளில் இன்றும் இருக்கின்றன.

இலங்கையின் வேட்டையைப் பற்றியும் மேல்நாட்டார் கேள்விப்பட்டிருந்தனர். பேரரசர் குளோடியசின் காலத்தில் காற்றில் அடிபட்டு ஒரு ரோமானியக் கப்பல் இலங்கையின் இப்புறோஸ் என்ற துறையை அடைந்ததைப் பிளினி எழுதியுள்ளார். கிரேக்க மொழியில் ‘இப்போசு’ என்றால் குதிரை. ஆகவே அது குதிரைமலையே என்று கருதுவோர் உண்டு. அத்தீவினர் தம் திருநாள்களை வேட்டையில் கழிப்பர், புலியும் யானையும் அவர்களுக்கு விருப்பமான வேட்டை என்றும் அவர் எழுதுகிறார். இலங்கையில் புலி இல்லை. சிறுத்தையைத்தான் அவருக்குச் செய்தி சொன்னவர்கள் குறித்திருக்க வேண்டும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். வளைகுடாவின் அக்கரையில் பெயர்பெற்ற வேட்டைநாய்கள் உள்ளன. இருகரைக்கும் மூவாயிரம் ஆண்டு உறவுண்டு. ஆகவே கற்பிட்டி நாய் சிப்பிப்பாறையின் உறவு என்று எழுதிவிட்டால் வாசகரும் மகிழ்வார். நாய் விற்பவரும் மகிழ்வார். அப்படி எழுதத்தான் எனக்கும் ஆசை இருந்தது. என்னைத் தடுத்தவர் கரைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு முதியவர்.

எண்பதைத் தாண்டிய முஸ்லிம் பெரியவர் அவர். ஒரு காலத்தில் பேர்போன வேட்டைக்காரர். அவரைப் பார்க்கப் போனபோது புகைப்படத்தின் பிரதியையும், என் கைத்தொலைபேசியில் சிப்பிப்பாறை நாய்களின் படங்களையும் காட்டினேன். சிப்பிப்பாறையை நெடுநேரம் பார்த்தார்.

“வடிவான நாய்தான் தம்பி. ஆனா இத வச்சி நம்மட காட்டுல என்ன செய்யிற? இது கண்ணால கண்டு ஓடுற நாய். நம்மட காட்டுல கண்ணுக்கு என்ன தெரியும்? பத்தடிக்கு அங்கால பத்தைதானே.”

“அப்ப இந்தப் படத்துல இருக்கிறது, நானா?”

“இது மூக்கால போற நாய். பத்தைக்குக் கீழால பூரும். கால் நீட்டமா இருந்தா முள்ளுல கிழிஞ்சி செத்திரும்.”

பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்ற நான் புத்தகங்களில் தேடியதை அவர் நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலத்தை நான் பார்த்திருக்கிறேன். அறுவடை முடிந்தால் கண்ணுக்கெட்டும்வரை வெட்டவெளி. அங்கே முயல் ஓடினால் அரை மைலுக்குத் தெரியும். அந்த நிலம்தான் நீண்ட காலும் ஆழ்ந்த மார்பும் கூரிய கண்ணும் உள்ள நாயை உண்டாக்கியது. வில்பத்தின் ஓரமோ பாலையும் வீரையும் முட்புதரும் பின்னிக் கிடக்கும் வறள்காடு. இங்கே தேவைப்பட்டது வேறு நாய்: சிறிய உடல், தேர்ந்த மோப்பம், புதர் நிழலோடு கலந்துவிடும் புலிவரி நிறம், சூட்டைத் தாங்கும் குட்டை மயிர். பன்றியைக் கடித்து வீழ்த்துவது அதன் வேலையன்று. சுற்றி நின்று குரைத்து மறித்து, துவக்கோ ஈட்டியோ வந்து சேரும்வரை அதை அசையவிடாமல் நிறுத்துவதே வேலை. ஆகவே சிப்பிப்பாறை தோணியேறி வந்தே இருந்தாலும், சில தலைமுறைகளில் இந்தக் காடு அதை வேறு நாயாக்கியிருக்கும், அல்லது கொன்றிருக்கும்.

போர்த்துக்கேயர் கொண்டுவந்த நாயின் வழி என்றும், ஒல்லாந்தரின் கோட்டை நாய்களின் வழி என்றும் கற்பிட்டியில் சொல்வோர் உண்டு. 1667இல் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் கோட்டை இன்றும் அங்கே நிற்பதால், பழைய பொருள் எதற்கும் அவர்களையே காரணம் காட்டுவது ஊர் வழக்கமாகிவிட்டது. அந்நியக் கப்பல்களில் நாய்கள் வந்திருக்கும், கலந்தும் இருக்கும். மலைநாட்டில் அதற்கு எழுத்துச் சான்றே உண்டு. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டைநாய்களை வருவித்து, மரைகளை நாய்களால் மறித்துக் கத்தியால் குத்திக் கொன்றதை 1854இல் வெளிவந்த நூலில் பெருமையோடு எழுதியிருக்கிறார். ஆனால் இறக்குமதியான ஒவ்வொரு நாயும் ஒரு வம்சத்தை நிறுவிவிடுவதில்லை. ஆபிரிக்கக் கிராம நாய்கள் ஐரோப்பிய நாய்களின் கலப்பு என்றுதான் பலரும் எண்ணியிருந்தனர். 2009இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று எகிப்து, உகண்டா, நமீபியா ஆகிய நாடுகளின் கிராம நாய்களை ஆராய்ந்து, அவற்றிற் பெரும்பாலானவை அந்தந்த மண்ணுக்குரிய பழைய வம்சங்களே என்று காட்டியது. ‘சாதி கெட்ட நாய்’ என்று நாம் இகழ்வது பல நேரங்களில் சாதிகள் உண்டாவதற்கு முன்பிருந்த நாய்.

‘இனம்’ என்ற சொல்லையே இங்கு சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். நாய்களை வரிசையில் நிறுத்தி அழகு பார்த்துப் பரிசளிக்கும் கண்காட்சி 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் தொடங்கியது. இனப்பதிவேட்டைப் பேணும் கழகம் 1873இல் லண்டனில் உருவானது. அதற்கு முன்னர் உலகெங்கும் நாய்களுக்குத் தொழிற்பெயரே இருந்தது: ஆட்டு நாய், காவல் நாய், வேட்டை நாய். நல்ல வேலைக்காரியின் வயிற்றில் பிறந்த குட்டியை எடுத்து வளர்ப்பார்கள். அதற்கு மேல் தூய்மை பார்ப்பதில்லை. தமிழ்நாட்டிலும் பாளையக்காரர், சமீன்தார், பெருநிலக்காரர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சில நாய்களைத் தம் கையிலேயே வைத்துப் பெருக்கியதால்தான் அவை தனித்த உருவம் பெற்று ஊர்ப்பெயரோடு நிலைத்தன. புத்தளக் கரையில் அத்தகைய சமீன் இல்லை. இங்கு நாயை வைத்திருந்தவர்கள் மீனவர், உப்பள வேலையாள், சேனைப் பயிர் செய்தவர். அவர்களின் நாய்க்குப் பதிவேடு எழுத எவரும் வரவில்லை. 1807இல் கற்பிட்டியில் பிறந்து, 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் அகரவரிசையில் தொகுத்துத் தந்த சைமன் காசிச்செட்டி போன்ற பெருமகனார் மனிதருக்கு ஒருவர் கிடைத்தார். நாய்க்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

பெயர் சூட்டும் முயற்சி நடக்காமலும் இல்லை. நாய் ஆர்வலர் வட்டாரத்தில் இந்நாட்டுப் பழைய நாய்வகைக்குச் ‘சிங்கள ஹவுண்ட்’ என்ற ஆங்கிலப் பெயர் வழங்கத் தொடங்கியது. நடுத்தர உயரம், குட்டை மயிர், அடிக்கடி காணப்படும் புலிவரி என அவர்கள் தந்த வருணனை ரொறொன்ரோப் புகைப்படத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நியூகினி நாயோடும் அவுஸ்திரேலிய டிங்கோவோடும் அது தோற்றத்தில் ஒத்திருப்பதையும் அவர்கள் சுட்டினர். ஆனால் புத்தளத்தில் அந்நாயை வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் தமிழ் பேசுவோர். நாயின் மொழியை எவரும் கேட்டறிந்ததாகத் தெரியவில்லை! எங்கள் நாட்டில் எதற்கும் இனப்பெயர் வைப்பதன் பலனை நாங்கள் போதுமான அளவு அனுபவித்துவிட்டோம். நாயையாவது விட்டுவைக்கலாம்.

உண்மையில், இந்த நாய் சமூகங்களைக் கடந்து கைமாறிய விதம்தான் எனக்கு மிகவும் சுவையானதாகப்பட்டது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ், வேடர்கள் தம் பெண்மக்களுக்குச் சீதனமாக வேட்டைநாய்களைக் கொடுப்பர் என்று எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் கன்னி நாயின் பெயர்க்காரணம் கேட்டால், மணமாகிப் போகும் கன்னிப்பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த நாய் என்பார்கள். இரு கரைக்கும் பொதுவானது நாயின் இரத்தமோ இல்லையோ, நாயின் மதிப்பு பொதுவானதுதான். ஒரு குடும்பத்துக்கு இறைச்சி தரும் உயிரைவிடச் சிறந்த சீதனம் வேறென்ன?

முஸ்லிம் ஊர்களில் நாய் எப்படி வளர்ந்தது என்ற ஐயம் சிலருக்கு எழலாம். கரைத்தீவுப் பெரியவரிடம் இதையும் கேட்டேன். இஸ்லாமியச் சட்டம் நன்கறிந்தவர் அவர். இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ வழியில் நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஆயினும் வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வைத்திருக்க அனுமதி உண்டு. பழக்கிய நாயை இறைவன் பெயர் சொல்லி ஏவினால் அது பிடித்துத் தருவதை உண்ணலாம் என்பது குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயத்திலேயே உள்ளது. “வீட்டுக்குள்ள வராது. வளவுல கிடக்கும். பிஸ்மி சொல்லித்தான் அவுத்து விடுவேன். மான், முயல் எங்களுக்கு, பன்றி விழுந்தா கூட வந்த சிங்கள ஆக்களுக்கும் வேதக்காரருக்கும்,” என்றார். ஒரே நாய்க்கூட்டத்தின் பின்னால் மூன்று மதத்தவர் போய், தத்தம் வழக்கப்படி பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். காட்டுக்குள் நுழையுமுன் வழியோரத்து ஐயனாருக்கு ஒரு கொப்பை முறித்து வைத்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்களாம். வன்னிக் காடுகளில் ஐயனாரைச் சிங்களவரும் ‘ஐயநாயக்க’ என்று வணங்குவர்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. பழையதைப் போற்றுவதாக நினைத்துக் கொலையைப் போற்றிவிடக் கூடாது. வில்பத்து 1905இலேயே சரணாலயமாக்கப்பட்டது. 1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே வில்பத்து தேசியப் பூங்காவானது. ஆகவே 1958இல் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் துவக்கு எந்தப் பக்கம் நீண்டது என்று நான் கேட்கவில்லை. என் பாட்டனாரின் துவக்கும் எல்லைக்கல்லைப் பார்த்துச் சுட்டதில்லை. சிறுவயதில் எங்கள் வீட்டுக்கு இரவில் வந்து சேர்ந்த இறைச்சி எங்கிருந்து வந்தது என்பதை நான் வளர்ந்த பிறகே விளங்கிக்கொண்டேன். அச்சட்டங்கள் இல்லாதிருந்தால் வில்பத்தில் இன்று மானும் மரையும் சிறுத்தையும் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே. சட்டம் சரியானது. அதே சட்டத்தால் இந்த நாய் தொழிலிழந்தது என்பதும் உண்மை.

மிச்சத்தைப் போர் முடித்துவைத்தது. ஊரில் துவக்குகள் கைவிட்டுப் போயின; காடு போர்க்களமாயிற்று; பூங்கா ஆண்டுக்கணக்காக மூடிக் கிடந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். வெறுங்கையோடு வந்த அம்மக்களின் ஓலைக்கொட்டில்களை ஒரு செய்தியாளனாக நான் பார்த்திருக்கிறேன். அகதிமுகாம்களும், இறால் பண்ணைகளும், பின்னர் உல்லாச விடுதிகளும் கரையோரத்தை மாற்றின. வேட்டைநாயின் பேரப்பிள்ளைகள் கடற்கரையில் மீன்தலைக்கும் உல்லாசப் பயணிகள் வீசும் பாணுக்கும் காத்துக் கிடக்கும் தெருநாய்களாயின. புலிவரி நாயை இன்னும் காணலாம். ஆனால் பன்றியை மறிக்கத் தெரிந்த தாயோடு போய்ப் பழகிய குட்டி இனி இல்லை. வேட்டைநாயில் பாதி இரத்தம், பாதி பயிற்சி. இரத்தம் தெருவில் கிடக்கிறது. பயிற்சி பெரியவரோடு முடியப் போகிறது.

திரும்பி வரும்போது பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். “நானா, இந்த நாயின் சாதிக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னால் என்ன வைப்பீர்கள்?”

“நாய்க்குச் சாதியா? வேல தெரிஞ்சா வேட்டநாய். தெரியாட்டி சும்மா நாய். மனுசருக்கும் அப்படி வச்சிருந்தா இவ்வளவு கரைச்சல் வந்திருக்காது.”

ரொறொன்ரோ வாசகருக்கு நான் எழுதிய பதிலின் சுருக்கம் இதுதான். உங்கள் பாட்டனாரின் நாய் ராஜபாளையம் அன்று. அதன் நிறமே அதைச் சொல்லும். சிப்பிப்பாறையும் அன்று, அதன் காலும், அது ஓடிய காடும் அதைச் சொல்லும். அது இந்த மண்ணின் பழைய நாய். அதை விலைக்கு விற்க எவராலும் இயலாது. சிப்பிப்பாறை அருமையான நாய்தான், விரும்பினால் வளருங்கள். ஆனால் வெட்டவெளியில் ஓடப் பிறந்த அதனை ரொறொன்ரோவின் பனிக்காலத்தில் மாடிக் குடியிருப்பொன்றில் அடைத்துவைத்து, ‘பாட்டனாரின் நாய்’ என்று பெயர் சூட்டாதீர்கள். அதற்குப் பதிலாக, ஊரில் வயதானவர் எவரேனும் இருந்தால் அந்த நாயின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். எடத்தனூர்க் கல்வெட்டு ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் காத்து வைத்திருக்கிறது. உங்களால் ஒரு தலைமுறைக்காவது காக்க முடியும்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. நீர்கொழும்பில் வாழும் தொண்ணூறு வயதுப் பெரியத்தையோடு அவர் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அத்தைக்குத் தம்பிமாரின் பெயர்கள்கூடக் குழம்புகின்றனவாம். நாயைப் பற்றிக் கேட்டதும் தடையின்றிச் சொன்னாராம்: அதன் பெயர் வீமன். பன்றி குத்தி வயிறு கிழிந்து வந்ததை அப்பா தையல் ஊசியால் தைத்தார், பிழைத்தது, பின்னும் ஐந்தாறு வருடம் வேட்டைக்குப் போனது, கிணற்றடி வேம்பின் கீழ் புதைத்தோம்.

இந்தியாவில் பேசியிருந்த நாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், புகைப்படத்தின் பின்புறத்தில் ‘கற்பிட்டி, 1958’ என்பதன் கீழே மகனின் கையால் ‘வீமன்’ என்று எழுதுவித்ததாகவும் கடிதத்தின் முடிவில் எழுதியிருந்தார்.